பந்தியில் தோற்ற விசுவாசம்

நம் நாட்டு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் மணமக்கள் தேடும் பகுதியைப் பார்ப்போர் 'யாழ். கிறிஸ்தவ வேளாளர்' என்னும் தொடரை எத்தனையோ முறை கண்டிருப்பர். பெண்ணின் வயது, உயரம், படிப்பு, சீதனம் என்பவற்றுக்கெல்லாம் முன்னதாக அது நிற்கும். விளம்பரத்தை எழுதிக் கொடுத்த தந்தையார் வாரந் தவறாது கோயிலுக்குச் செல்பவராயிருப்பார். இராப்போசனப் பாத்திரத்தை முழந்தாளிட்டு வாங்குபவராயிருப்பார். அவருக்கோ, அதனை அச்சிடும் பத்திரிகைக்கோ, கண்டு கடிதம் எழுதும் மாப்பிள்ளை வீட்டாருக்கோ அவ்விரு சொற்களும் ஒன்றையொன்று மறுப்பன என்ற எண்ணம் எழுவதில்லை. 'சைவ மாட்டிறைச்சிக் கடை' என்று ஒருவர் பலகை எழுதி மாட்டினால் ஊர் சிரிக்கும். இதற்கு மட்டும் ஏன் ஒருவரும் சிரிப்பதில்லை என்பதே நாம் இங்கு எழுப்பும் கேள்வி.

ஊர் ஓடினால் ஒத்தோடு என்பது நம்மவர் பழமொழி. இதற்கு நேர் எதிரான கட்டளை ஒன்று கிறிஸ்தவ வேதத்தில் உண்டு. ரோமாபுரியிலிருந்த விசுவாசிகளுக்கு எழுதிய நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில், சூழ்ந்திருக்கும் உலகம் வார்த்து வைத்திருக்கும் அச்சில் அடங்கிவிடலாகாது, உள்ளம் புதிதாகி மாறவேண்டும் என்ற கருத்தைப் பவுல் கூறுகிறார். போதகர்கள் விரும்பி எடுத்தாளும் வாக்கியம் இது. இதனைக் கொண்டு அவர்கள் எதனை விலக்கச் சொல்லுகிறார்கள்? நெற்றியிற் பொட்டு வையாதே, வாசலிற் கோலம் போடாதே, சாதகம் பாராதே, அயல்வீட்டுப் பொங்கலை வாங்கி உண்ணாதே, சினிமாவுக்குப் போகாதே. சில சபைகளில் நகை, பூ என்று பட்டியல் இன்னும் நீளும். இவற்றுட் சிலவற்றை விலக்குவதற்கு நியாயமும் இருக்கலாம். சாதகக் கட்டைத் தூக்கி எறிவோரோடு நமக்குச் சண்டையில்லை. ஆயினும் இவற்றை விலக்க ஒருவன் கொடுக்கும் விலை யாது? பொட்டு வையாத பெண்ணின் தகப்பனுக்குக் காணியில் ஒரு பரப்பும் குறைவதில்லை. கோலமில்லாத வீட்டுக்குச் சம்பந்தம் பேச வருவோர் தரித்து நிற்பதுமில்லை. சாதியை விலக்கினாலோ, உறவினர் படலையைச் சாத்துவர். பெண்ணுக்கு மாப்பிள்ளை வாரான். சாவீட்டிற் பாடை தூக்க ஆள் சேராது. உலகோடு ஒத்தோட மறுத்தல் என்பதற்கு ஏதேனும் பொருள் உண்டாயின் அது இந்த இடத்திலேதான் தொடங்க வேண்டும். நம் கிறிஸ்தவர் பெரும்பாலும் இந்த இடத்தை அடைந்ததும் ஊரோடு ஓடத் தொடங்கிவிடுகின்றனர்.

இதனை வெளியிலிருந்து நாம் சுமத்தும் அளவுகோல் என்று எவரும் கூறவேண்டாம். ஆதிச் சபையிலே தலைவர்கள் இருவர் முகத்துக்கு முகம் நின்று சண்டையிட்ட விஷயம் சாப்பாட்டுப் பந்திதான். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் படித்துப் பார்க்கலாம். அந்தியோகியாவிலே பேதுரு, யூதரல்லாதாரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டுவந்தார். எருசலேமிலிருந்து சில பெரியவர்கள் வந்ததும் அவர்களுக்கு அஞ்சி மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். அவரைக் கண்டு மற்றை யூதரும் விலகினர். பவுலின் தோழர் பர்னபாவும் இழுபட்டார். பேதுரு தம் விசுவாசத்தை மறுதலித்தாரா? இல்லை. சபையைக் கலைத்தாரா? அதுவுமில்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பார்த்தார், அவ்வளவுதான். நம் சீமான்கள் அன்றாடம் பார்ப்பதும் அதைத்தானே! பவுலோ அதனைச் சில்லறைத் தவறாகக் கொள்ளவில்லை. எல்லார் முன்னிலையிலும் தலைமைச் சீடரையே கண்டித்தார். கொரிந்து நகரத்துச் சபையிலே வசதி படைத்தோர் முந்திக்கொண்டு வயிறு நிறைய, ஏழைகள் பட்டினியாய்ப் பார்த்து நின்றதைக் கேள்வியுற்றபோதும் அவருக்கு அதே சினம் எழுந்தது. யார் யாரோடு அமர்ந்து உண்பது என்ற கேள்வியிலேயே அந்தச் சமயத்தின் உயிர் தொங்கிற்று. சாதியைத் தன் உணவுப் பந்தியிலே காத்து வைத்திருக்கும் தமிழ்நிலத்துக்கு இதைவிட நேராகப் பேசக்கூடிய வேதப்பகுதி வேறு யாது?

ஆனால் இந்தச் சமயம் தமிழ்நிலத்தில் வேரூன்றிய வரலாறு வேறு விதமானது. 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இத்தாலியத் துறவி ரொபேர்ட்டோ தெ நொபிலி தமிழும் வடமொழியும் கற்றார், தமிழ் உரைநடைக்குத் தொண்டு செய்தார், புலாலை விட்டார், காவி உடுத்தார். இவ்வளவும் அழகு. அத்துடன் பிராமண சந்நியாசியின் வாழ்க்கை முறையையும் முழுதாக மேற்கொண்டார். அங்கு முன்னரே கிறிஸ்தவராயிருந்த பரதவ மக்களிடமிருந்து ஒதுங்கி வாழ்ந்தார். பூணூலும் குடுமியும் வெறும் சமூக அடையாளங்களே என்ற அவரது வாதத்தை 1623இல் உரோமாபுரி ஏற்றது. பின்னர் உயர்சாதியாருக்கு ஒருவகைக் குருமாரும் மற்றையோருக்குப் பண்டாரசுவாமிகள் என்ற வேறுவகைக் குருமாரும் ஏற்பட்டனர். மீட்பர் ஒருவர், அவரைக் கொண்டு செல்லும் வழிகள் மட்டும் சாதிக்கு ஒன்று.

புரட்டஸ்தாந்தியர் வந்த பின்னராவது நிலை மாறிற்றா? 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியரின் கோயிலிலும் சாதிவாரியாகவே மக்கள் அமர்ந்தனர். 1733ஆம் ஆண்டு அச்சபையின் முதலாவது தமிழ்ப் போதகராக வேளாள குலத்து ஆரோன் அபிஷேகம் பெற்றார். அக்காலத்திலே இராசநாயக்கன் என்னும் உபதேசியார் ஒருவர் இருந்தார். தாழ்த்தப்பட்ட குலத்தவர், முன்னாட் போர்வீரர், ஊர் ஊராய் அலைந்து சபைகளைக் கட்டியவர். அவரது தகுதியை மிஷனரிமார் அறியாதவரல்லர். அவர் கையால் இராப்போசனம் வாங்க மேற்சாதி விசுவாசிகள் இசையமாட்டார்கள் என்பதே தடையாய் நின்றது. அப்பமும் இரசமும் எதுவாக மாறுகின்றன என்று ஐரோப்பாவில் இருநூறு ஆண்டுகள் சண்டையிட்டவர்கள், தமிழ்நாட்டுக்கு வந்ததும் அதனை எந்தக் கை கொடுப்பது என்று கணக்குப் பார்த்தார்கள்.

இனித் தஞ்சாவூரை நோக்குவோம். நாம் சொல்ல வந்த விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர், சரபோசி மன்னரின் ஆதரவைப் பெற்றவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774 முதல் 1864 வரை வாழ்ந்த பெரும் புலவர் அவர். புதிதாக வந்த மிஷனரிமார் தம் சபைக்கு இழைத்த கொடுமைகள் என்று நான்கினைச் சுட்டி 1829இல் அவர் எழுதினார். பழகிய தமிழ் வேதத்தை மாற்றுகிறார்கள். கலியாணத்திலும் சாவிலும் பூவை விலக்குகிறார்கள். தமிழ்க் கீர்த்தனைகளைக் கோயிலிலிருந்து வெளியேற்றுகிறார்கள். சாதிகளை வலிந்து கலக்கிறார்கள். வாசகர் இந்நான்கையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் மூன்றிலும் நாம் சாஸ்திரியாரின் பக்கமே நிற்போம். தமிழன் தன் பண்ணிலே தன் கடவுளைப் பாடுவதைத் தடுப்பதற்கு ஹாலே நகரத்திலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்தவருக்கு என்ன உரிமை? மணப்பெண்ணின் கூந்தற் பூவிலே எந்தப் பிசாசு குடியிருந்தது? நான்காவதிலோ நாம் அவருக்கு முற்றிலும் எதிரானவர்கள்.

துயரம் என்னவெனில் அந்நான்கும் ஒரே முடிச்சிலே கட்டப்பட்டிருந்தமையாம். கட்டியவர் சாஸ்திரியார் மட்டுமல்லர். பூவையும் சாதியையும் ஒரே வரிசையில் வைத்து இரண்டையும் 'அஞ்ஞான வழக்கம்' என்று மிஷனரிமார் விலக்க முனைந்தனர். அதே வரிசையை ஏற்று இரண்டையும் 'எங்கள் வழக்கம்' என்று சாஸ்திரியார் காக்க முனைந்தார். பூ ஒருவரையும் இழிவு செய்யவில்லை. கீர்த்தனை ஒருவரையும் தரையில் இருத்தவில்லை. ஒருவனை இழிவு செய்யும் வழக்கத்துக்கும் ஒருவனை மகிழ்விக்கும் வழக்கத்துக்கும் வேறுபாடு காண இரு சாராருக்கும் கண் இருக்கவில்லை. அந்தக் குருட்டுத்தனத்தின் பயனை இன்றுவரை அனுபவிக்கிறோம். விலக்கவேண்டியது பண்பாடு என்று போதகர் நினைக்க, காக்கவேண்டியது சாதி என்று சபையார் நினைக்கின்றனர்.

1833இல் கல்கத்தா அத்தியட்சர் டானியேல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்கு ஒரு சுற்றறிக்கை விடுத்தார். கோயிலுக்குள் சாதி வேற்றுமை உடனே, முற்றாக, என்றென்றைக்கும் ஒழியவேண்டும் என்பது அதன் சாரம். வேளாளர் ஒரு பக்கம், தாழ்த்தப்பட்டோர் மறு பக்கம் என்று அமர்ந்து, முன்னவர் பருகிய பின்னரே பாத்திரம் பின்னவரிடம் செல்லும் வழக்கத்தை அவர் தடுத்தார். வில்சனைப் பாராட்ட வேண்டும். அவருடைய தாய்நாட்டுக் கோயில்களில் முன்வரிசை ஆசனங்கள் பணங் கொடுத்தோருக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்த காலம் அது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அயலான் வீட்டுக் குப்பை கண்ணிற் படுவது எளிது. தஞ்சையிலே பலர் அவர் கட்டளையை ஏற்க மறுத்து வெளியேறினர். அவர்களுட் பலருக்குப் பின்னர் லைப்சிக் மிஷன் இடங்கொடுத்தது. திருக்குறளை ஜெர்மன் மொழியில் ஆக்கிய கார்ல் கிறவுல் அம்மிஷனின் தலைவர். சாதி என்பது சமய விஷயமன்று, சமூக ஏற்பாடு. அதனைப் படிப்படியாகவே மாற்றவேண்டும் என்பது அவரது கட்சி. திருக்குறளைக் கற்றவர் பிறப்பைப் பற்றி அதில் எதனைக் கற்றாரோ நாம் அறியோம்!

யாழ்ப்பாணத்தின் கதை இதற்குப் பெரிதும் மாறுபட்டதன்று. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறி எழுந்தது. ஆசியாவிலேயே அந்நாளில் அரிதான உயர்கல்வியை அது நம் பிள்ளைகளுக்கு ஊட்டிற்று என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் மிஷன் வளவிலே உண்டால் தீட்டு என்று மாணவர் மறுக்க, அயலிலுள்ள சைவரின் காணியிலே உலை வைக்கவேண்டியிருந்தது தொடக்க காலத்துச் செய்தி. பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கக் கனவான்களின் பெயர்கள் அப்பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. கறல் விசுவநாதபிள்ளை, ஆனல்ட் சதாசிவம்பிள்ளை என்ற பெயர்களை நாம் அறிவோம். அவர்களது தமிழ்ப்பணியை வணங்குகிறோம். ஆனால் அப்பெயர்களின் அமைப்பை நோக்குக: தலையிலே அமெரிக்கா ஏறிற்று, வாலிலே 'பிள்ளை' அசையாது நின்றது. நம் கிறிஸ்தவத்தின் முழு உருவமும் அதுவன்றோ?

எல்லாரும் தளர்ந்தே போயினர் என்று கூறுதல் நேர்மையாகாது. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனிலிருந்து 1834இல் கிளைத்ததே மதுரை மிஷன். தம் ஊழியர் சாதியை மெய்யாகவே விட்டனரா என்று அறிய 1847இல் அம்மிஷன் ஓர் எளிய சோதனையை வைத்தது: எல்லாக் குலத்தவரும் ஒன்றாயிருந்து ஒரே உணவை உண்ண வேண்டும். விசுவாச அறிக்கையை வரி பிசகாது ஒப்பித்த உபதேசியார்கள் பலர் அந்தச் சோற்றைக் கண்டதும் வேலையையே விட்டுச் சென்றனர். பேதுரு எழுந்து போன அதே பந்தி! விசுவாசத்தை அளக்க இதைவிடச் செம்மையான கருவியை எந்த வேதசாஸ்திரியும் இதுவரை கண்டுபிடித்ததில்லை என்றே நாம் கருதுகிறோம்.

கத்தோலிக்கரின் வடக்கன்குளத்தை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலிச் சீமையிலுள்ள அவ்வூரில் 1872இல் எழுந்த கோயில் உலகத்திலேயே விநோதமான கட்டடங்களுள் ஒன்று. பீடம் ஒன்று, அதிலிருந்து இரு கால்களாய்ப் பிரியும் மண்டபங்கள் இரண்டு. ஒன்றில் வேளாளரும் அவரைச் சேர்ந்தோரும். மற்றையதில் நாடாரும் பிறரும். ஒரு சாரார் மற்றையவரைக் காணாமலே பூசை கண்டு வீடு திரும்பலாம். காற்சட்டைக் கோயில் என்று அதற்குப் பெயரே வழங்கிற்று. சாதிப்பிணக்கைத் தீர்க்கும் வழி என்று குருமார் கண்டுபிடித்த கட்டடக் கலை அது! 1910இல் உட்சுவரை இடித்தபோது மேற்சாதியார் பரம்பரை உரிமை பறிபோயிற்றென்று நீதிமன்றம் ஏறினர். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றனர். கிறிஸ்தவக் கோயிலுக்குள் சாதிக்கு உரிமை இல்லை என்பதை உறுதிப்படுத்த அந்நிய அரசின் நீதிபதிகள் வேண்டியிருந்தனர். சுவிசேஷம் அதனைச் சொல்லி ஏறத்தாழப் பதினெட்டரை நூற்றாண்டுகள் சென்றிருந்தன.

நம் நாட்டிலே இவ்விஷயத்திற் பெருமைக்குரிய ஒரு காலமும் இருந்தது. 1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் கொண்டது. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தது. அதனை முன்னின்று நடத்திய ஹன்டி பேரின்பநாயகம் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் வார்ப்பு. கிறிஸ்தவரும் சைவருமாய் அவ்விளைஞர் சமபந்தியில் அமர்ந்து உண்டனர். பாடசாலைகளிற் சம ஆசனம் வேண்டுமென வாதாடினர். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு வாங்கில் இடம் கொடுத்த பாடசாலைகள் சில தீக்கிரையானதும் அக்காலத்திலேதான். ஊரோடு ஒத்தோட மறுத்தவர்கள் அவர்கள். அவர்களுட் பலர் போதகரின் கண்ணில் 'உலகத்தார்' என்பதையும் இங்கே குறித்து வைக்கிறோம்.

அதன்பின் என்ன நடந்தது? 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலே தாழ்த்தப்பட்ட மக்கள் சத்தியாக்கிரகம் இருந்து அடியுண்டனர். எங்கள் கோயிற் கதவு என்றோ திறந்துவிட்டது என்று கிறிஸ்தவக் கனவான்கள் அவ்வேளை பெருமூச்சு விட்டிருப்பர். கதவு திறந்ததுதான். அத்திறப்பினால் எத்தனையோ ஏழைப்பிள்ளைகள் எழுத்தறிந்தனர், அக்கடன் பெரிது. ஆனால் வீட்டுப் பந்தியும் மணவறையும் திறக்கவில்லை. கடல் கடந்த இந்தியாவிலோ கல்லறையும் திறக்கவில்லை. திருச்சிராப்பள்ளி மேலப்புதூரிலே கத்தோலிக்கரின் கல்லறைத் தோட்டத்தைச் சாதிக்கு ஒரு பகுதியாய்ப் பிரித்து நின்ற சுவரை எதிர்த்து 2010இல் கிளர்ச்சி நடந்தது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரிலே, தமக்குத் தனிப்பங்கு வேண்டுமெனத் தலித் கத்தோலிக்கர் கேட்கும் நிலை வந்து, 2008இல் மூண்ட கலகத்தில் பொலிசாரின் துப்பாக்கிக்கு இருவர் இரையாயினர். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை உண்டென்று ஒப்புக்கொண்டு தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையை 2016இல் வெளியிட்டது. தலித் குலத்தவர் ஒருவர் முதன்முதலாகக் கர்தினால் ஆனது 2022இல். இராசநாயக்கனைத் தாண்டி ஆரோன் சென்ற 1733இலிருந்து எண்ணினால் 289 ஆண்டுகள்.

'படிப்படியாக மாறும்; இருதயம் மாறினால் எல்லாம் மாறும்' என்பாருக்கு நாம் சொல்லும் விடை இந்த ஆண்டுக் கணக்கே. இருதயத்துக்காகக் காத்திருந்தால் வடக்கன்குளத்துச் சுவர் இன்றும் நின்றிருக்கும்.

'பண்பாட்டை மதிக்கவேண்டாமா' என்பாருக்குச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். இப்பொழுது கோயில்களிலே குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள், பரதம் ஆடுகிறார்கள், பூசையிலே பறையும் முழங்குகிறது. மிக நன்று, சாஸ்திரியாரின் ஆவி மகிழும். ஆனால் பறையைப் பீடத்தண்டை கொண்டு வந்தவர்கள் அதனைத் தலைமுறை தலைமுறையாய் அடித்தவனின் மகனுக்குத் தம் மகளைக் கொடுப்பார்களா? கொடுக்காதவரையில் அந்தப் பறையோசை வெறும் அலங்காரம். தமிழ்ப் பண்பாட்டை மதிக்கிறோம் என்பார் தமிழில் எதனை மதிக்கிறார் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

முற்போக்காளராகிய எம்மவரைப் பார்த்தும் இக்கேள்வி திரும்பும் என்பதை அறிவோம். மேடையிலே வர்க்க ஒற்றுமை பேசிவிட்டுத் தரகரிடம் சாதி விசாரிக்கும் தோழர்கள் இல்லாமலில்லை. அவர்களைப் பற்றி இன்னொரு முறை எழுதுவோம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. யூதனென்றும் கிரேக்கனென்றும், அடிமையென்றும் சுயாதீனனென்றும் வேறுபாடு ஒழிந்த இடம் என்று சொல்லி ஞானஸ்நானத் தண்ணீரைத் தலையில் வாங்கியவர் கிறிஸ்தவர். அத்தண்ணீர் எதனைக் கழுவிற்று என்று கேட்டால் அவர் விடை சொல்லக் கடமைப்பட்டவர்.

ஆகவே சபைப் பெரியார்களிடம் நாம் கேட்பன மிகச் சில. சபைப் பத்திரிகைகளும் சபையார் நடத்தும் மணச்சேவைகளும் சாதி குறித்த விளம்பரத்தை இன்றோடு ஏற்க மறுக்கட்டும். மணவறிவித்தலைக் கோயிலில் வாசிக்கும் குருவானவர், சாதி பார்த்து முறிக்கப்பட்ட சம்பந்தங்களைப் பற்றியும் பீடத்திலிருந்து ஒரு முறையாவது வாய் திறக்கட்டும். காதலித்த குற்றத்துக்காக வீட்டிலிருந்து துரத்தப்பட்ட சோடிகளுக்கு மிஷன் வீட்டின் கதவு முதலில் திறக்கட்டும். அடுத்த கோயிற் திருநாளின் விருந்துக்கு, இதுவரை எந்தத் திருநாளிலும் அகப்பை பிடிக்க விடப்படாத குடும்பங்களிடம் சமையற் பொறுப்பை ஒப்படைக்கட்டும். பங்குச் சபையின் தலைவரும் செயலாளரும் பொருளாளரும் முதற்பந்தியில் அமர்ந்து உண்ணட்டும். யார் அமர்ந்தார், யார் வயிற்றுவலி என்று வீடு சென்றார் என்பதை ஊர் பார்த்துக்கொள்ளும்.